கழங்கு பார்த்தலும் ஸ்கேன் பார்த்தலும்

நோய் என்ற சொல்லுக்கு நம் மொழியில் இரண்டு வாழ்க்கை உண்டு. சங்க அகப்பாடல்களில் அது காதலால் வரும் துயரம். சேவூர் கடைவீதியிலும் அவிநாசி சாலையிலும் கட்டப்படும் மருத்துவ முகாம் பேனர்களில் அது கல், கட்டி, கொழுப்பு. இரண்டு இடத்திலும் நோய்க்கு ஒரே அடைமொழிதான்: மறைந்திருப்பது. ஆனால் எழுவாய் மாறிவிடுகிறது. அகப்பாடலில் நோயை மறைப்பவள் தலைவி. ஏன் மறைக்கிறாள் என்பது அவளுக்கும் தோழிக்கும் தெரியும். பேனரில் நோய் தானாகவே மறைந்திருக்கிறது, பெண்ணுக்கு அதில் பங்கே இல்லை. அவள் உடல் அவளிடமிருந்தே ஒன்றை ஒளித்து வைத்திருக்கிறது, அதைக் கண்டுபிடிக்க வெளியிலிருந்து ஒரு கண் வேண்டும் என்கிறது பேனர்.

காலையில் பனியன் கம்பெனி வேனுக்காகப் பெண்கள் நிற்கும் இடத்தில்தான் இந்தப் பேனர்கள் அதிகம். முழு உடல் பரிசோதனை, வயிற்று ஸ்கேன் இலவசம் அல்லது பாதி விலை, மகளிருக்குச் சிறப்புச் சலுகை. படத்தில் சிரிக்கும் சிவந்த பெண்ணுக்கும், சாப்பாட்டுப் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்கும் பெண்களுக்கும் எந்த ஒற்றுமையும் கிடையாது. வாசகங்களின் உத்தி ஒன்றுதான். உனக்கு எந்தத் தொந்தரவும் இல்லையா, அப்படியென்றால்தான் நீ பயப்பட வேண்டும். தொந்தரவு இல்லாததே ஒரு தொந்தரவாகிறது. யாப்பிலக்கணம் படித்தவளுக்குக்கூட இத்தனை சுருக்கமாக ஒரு முரணை அமைக்க வராது.

அரசின் மொழியும் இதற்கு விலக்கல்ல. 1999-இல் கலைஞர் தொடங்கிய ‘வருமுன் காப்போம்’ திட்டம் 2021 செப்டம்பரில் சேலம் மாவட்டம் வாழப்பாடியில் மீண்டும் தொடங்கப்பட்டது. அந்த முகாம்களால் சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் தெரியவந்து மாத்திரைக்கு வந்தவர்கள் ஏராளம், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பெயர்தான் என்னை நிறுத்துகிறது. 435-ஆம் குறளின் எதிரொலி அது. அந்தக் குறள் இருப்பது மருந்து அதிகாரத்தில் அல்ல. பொருட்பாலில், அரசியலில், குற்றங்கடிதல் அதிகாரத்தில். அங்கே முன்கூட்டிக் காக்க வேண்டியவர் ஆள்பவர். காக்க வேண்டியது தன்னிடம் குற்றம் வராமல். அடுத்த குறள் இன்னும் வெளிப்படை: தன்னைத் திருத்திக்கொண்ட பிறகே அரசன் மற்றவரிடம் பிழை தேடலாம் என்பது அதன் பொருள். அதிகாரத்தில் இருப்பவருக்குச் சொன்ன அறிவுரை, இரண்டாயிரம் ஆண்டு பயணம் செய்து, ஓவர்லாக் மிஷின் முன்னால் குனிந்திருக்கும் பெண்ணின் கடமையாக வந்து சேர்ந்திருக்கிறது.

வெறியாட்டுக்கு வருகிறேன். இளங்கலை மாணவிகளுக்கு ஆண்டுதோறும் நடத்தும் பகுதி அது. மகள் மெலிகிறாள், வளை கழல்கிறது, நெற்றி பசக்கிறது. தாய் வேலனை அழைக்கிறாள். அவன் கழங்குகளைப் பரப்பிப் பார்க்கிறான். இது முருகு என்கிறான். களம் இழைத்து, ஆட்டை அறுத்து, ஆடுகிறான். தலைவிக்கு என்ன என்று தலைவியிடம் யாரும் கேட்பதில்லை. நற்றிணை 34-இல் தோழி நேராக முருகனையே பார்த்து, இந்த நோய்க்கு நீ காரணமில்லை என்று தெரிந்தும் அழைத்தவுடன் வந்து நிற்கிறாயே, கடவுளாக இருந்தாலும் அறிவு போதாது உனக்கு என்கிறாள். குறுந்தொகை 362-இல் இன்னொரு தோழி, இவளுக்கு நோய் தந்தவனின் மார்பும் நீ கொடுக்கும் பலியை உண்ணுமா என்று வேலனிடம் கேட்கிறாள். இந்தக் களத்தை மிகக் கூர்மையாகப் பாடியவர் ஒரு பெண், வெறிபாடிய காமக்கண்ணியார். பாடுபொருளே அவர் பெயராகிவிட்டது. சாமியாடியின் பிழையை உரைநூல்கள் அறியாமை என்று தள்ளிவிடும். பாடல்கள் காட்டுவது அதைவிட நுட்பமானது. கழங்குக்கு ஒரு விடைதான் தெரியும். எந்தப் பெண்ணைக் கொண்டுவந்தாலும் அது முருகையே சொல்லும்.

ஸ்கேன் இயந்திரம் கழங்கு அல்ல. அப்படிச் சொன்னால் அது அறிவுக்கேடு. அதற்கு ஒரு சொந்த வரலாறு உண்டு, அதுவும் திருப்பூர்க்காரர்களுக்குப் புரியக்கூடிய வரலாறு. 1955-இல் கிளாஸ்கோவின் மகப்பேறு மருத்துவர் இயன் டொனால்டு, அறுவைசிகிச்சையில் எடுத்த கட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு ரென்ஃப்ரூவில் இருந்த பாப்காக் அண்ட் வில்காக்ஸ் கொதிகலன் தொழிற்சாலைக்குப் போனார். அங்கே உலோகத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் கண்டுபிடிக்க ஒலியலைக் கருவி வைத்திருந்தார்கள். அதே கருவி கட்டிகளையும் வேறுபடுத்திக் காட்டியது. 1958-இல் ‘லான்செட்’ இதழில் கட்டுரை வந்தது. இரைப்பைப் புற்று, இனி பிழைக்க மாட்டாள் என்று கைவிடப்பட்ட ஒரு பெண்ணின் வயிற்றில் இருந்தது அகற்றக்கூடிய சினைப்பை நீர்க்கட்டி என்று அந்தக் கருவி காட்டியது. அவள் பிழைத்தாள். தொழிற்சாலையில் ‘செக்கிங்’ கருவியாக இருந்தது மருத்துவமனைக்கு வந்த கதை இது. எங்கள் ஊர்ப் பெண்களில் பாதிப் பேர் செக்கிங் வேலை பார்த்தவர்கள்தான். பீஸை விளக்கொளியில் விரித்து ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் தேடுவது அவர்கள் தொழில். டேமேஜ் தேடினால் டேமேஜ் கிடைக்கும் என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரியும். எதைச் சரிசெய்யலாம், எதை அப்படியே விடலாம், எதை ஒதுக்க வேண்டும் என்று பிரிக்கத் தெரிவதுதான் திறமை.

டொனால்டின் நோயாளிக்கும் பேனர் அழைக்கும் பெண்ணுக்கும் உள்ள வேறுபாடு இதில்தான். அவளுக்கு வயிறு வீங்கியிருந்தது, வலித்தது, கருவி அந்த வலிக்குப் பதில் தேடியது. தொந்தரவு சொல்பவருக்குச் செய்யும் சோதனை வேறு, தொந்தரவே இல்லாதவர்களைத் திரட்டிச் சலிப்பது வேறு. இரண்டாவதால் உயிர் காக்கப்படுகிறது என்று தனியாக நிரூபிக்க வேண்டும். நிரூபிக்க முயன்றிருக்கிறார்கள். சினைப்பைப் புற்றுக்காக உஷா மேனன் உள்ளிட்டோர் பிரிட்டனில் நடத்திய ஆய்வில் மாதவிலக்கு நின்ற 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் 2001 முதல் 2005 வரை சேர்க்கப்பட்டார்கள். ஒரு பிரிவுக்கு ஆண்டுதோறும் ஸ்கேன், இன்னொரு பிரிவுக்கு இரத்தப் பரிசோதனை, மற்றவர்களுக்கு எதுவும் இல்லை. 2021-இல் வந்த முடிவு, சலித்த இரண்டு பிரிவிலும் சாவு குறையவில்லை என்றது. ஸ்கேன் பிரிவில் 10,000 ஸ்கேனுக்குச் சுமார் 50 பெண்கள், புற்று இல்லாமலேயே அறுவைசிகிச்சை மேசைக்குப் போயிருந்தார்கள்.

தென்கொரியாவின் கதை இன்னும் கலங்கடிக்கும். 1999-இல் அங்கே தேசியப் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியது. தைராய்டு ஸ்கேன் திட்டத்தில் இல்லை. ஆனால் கொஞ்சம் கூடுதல் காசு கொடுத்தால் அதையும் பார்த்துவிடலாம் என்று மருத்துவமனைகள் அழைத்தன. 1993-இல் இருந்ததைப் போல 15 மடங்கு தைராய்டு புற்று 2011-இல் பதிவானது. அந்த ஓராண்டில் மட்டும் 40,000-க்கும் மேல், பெரும்பாலும் பெண்கள். சாவு எண்ணிக்கை அசையவில்லை. வாழ்நாள் முழுக்கச் சும்மா இருந்திருக்கக்கூடிய சிறு கட்டிகளுக்காகக் கழுத்தை அறுத்துக்கொண்டார்கள். அறுவைக்கு ஆளானவர்களில் 100-க்கு 11 பேருக்குக் கால்சியம் சமநிலை குலைந்தது, 2 பேருக்குக் குரல்நாண் செயலிழந்தது. 2014-இல் கொரிய மருத்துவர்களே கூடி இதை வெளிப்படையாக எதிர்த்த பிறகுதான் அறுவைகள் குறைந்தன.

வயிற்று ஸ்கேனைச் சலிக்கும் கருவியாகப் பயன்படுத்தி உயிர் காக்க முடியும் என்று உறுதியாக நிரூபிக்கப்பட்ட இடம் ஒன்று உண்டு. வயிற்றின் பெரிய தமனி வீங்கி வெடிப்பதை முன்கூட்டிப் பார்ப்பது. பிரிட்டனில் 65 வயதில் ஒரே ஒரு முறை அந்த ஸ்கேனுக்கு அழைக்கிறார்கள். அழைப்பது ஆண்களை. நம் ஊர் பேனரில் அந்தத் தாத்தாவின் படத்தை நான் பார்த்ததே இல்லை.

என் தெருவில் ஒரு அக்கா. வயது நாற்பத்து மூன்று, கம்பெனியில் கை மடிக்கிற வேலையில் தொடங்கி இப்போது செக்கிங். சீசனில் ஒன்றரை ஷிப்ட். ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த முகாமில் ஸ்கேன் எடுத்துக்கொண்டு, அந்த ரிப்போர்ட்டோடு என் வீட்டுக்கு வந்தார். “டீச்சர், இதுல என்னங்க போட்டிருக்குது? கர்ப்பப்பைய எடுத்துரோணும்ங்கறாங்க. விட்டா கேன்சராயிருமாமா.”

முழுக்க ஆங்கிலம். கர்ப்பப்பைச் சுவரில் இரண்டு சென்டிமீட்டர் தசைக்கட்டி ஒன்று, கல்லீரலில் முதல் நிலைக் கொழுப்பு, கடைசி வரி, மருத்துவக் குறிகளோடு பொருத்திப் பார்க்கவும் என்றது. பிரதி வாசிப்பில் பழகிய எனக்கு அந்தக் கடைசி வரிதான் முக்கியமாகப் பட்டது. ரிப்போர்ட் எழுதியவரே, என் விடை பாதிதான், மீதி இந்தப் பெண்ணிடம் இருக்கிறது, அவளைக் கேளுங்கள் என்கிறார். யாரும் கேட்கவில்லை. நான் கேட்டேன். மூன்று வருடமாக மாதவிலக்கு எட்டு ஒன்பது நாள் போகிறதாம். இரண்டு நாள் துணி மாற்றி மாளாதாம். “இதயாரு கேட்டாங்க டீச்சர்? படுக்கச் சொன்னாங்க, ஜில்லுனு எதையோ தடவுனாங்க, எந்திரிக்கச் சொன்னாங்க.” மறைந்திருந்த நோயா இது? வீட்டில் சொல்லியிருக்கிறார், லைனில் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லியிருக்கிறார், மருந்துக்கடையில் சொல்லி மாத்திரை வாங்கியிருக்கிறார்.

தசைக்கட்டி என்பது ஐம்பது வயதுக்குள் மிகப் பல பெண்களுக்கு ஏதோ ஓர் அளவில் இருப்பது. பலருக்கு அது எந்தத் தொல்லையும் தராது, மாதவிலக்கு நின்றபின் சுருங்கும், புற்றாக மாறுவது மிக அரிது. அதிக இரத்தப்போக்கு போன்ற தொல்லை இருந்தால் மட்டுமே அதைப் பற்றி யோசிக்க வேண்டும். அப்போதும் கர்ப்பப்பையை எடுப்பது கடைசி வழி. இந்த அக்காவுக்கு ஸ்கேன் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. மூன்று வருடத்துக்கு முன்பே தேவைப்பட்டது. போக்கைப் பற்றிச் சொன்ன முதல் நாளே ஒரு மருத்துவர் எழுதித் தந்திருக்க வேண்டிய ஸ்கேன், எந்தக் கேள்வியும் இல்லாமல் மண்டபத்தில் வந்து சேர்ந்தது. வந்தபோது அது பதிலாக இல்லை, அறுவைக்கான அழைப்பிதழாக இருந்தது.

இந்த அழைப்பிதழ் எங்கே கொண்டுபோகும் என்று நாடு பார்த்திருக்கிறது. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகும் பெண்களைப் பற்றி 2019-இல் அரசுக் குழு விசாரித்தபோது, கர்ப்பப்பை அகற்றப்பட்டவர்கள் 13,000-க்கும் மேல் இருந்தார்கள். விலக்கு நாளில் வேலைக்குப் போகாவிட்டால் அபராதம், கரும்புக்காட்டில் கழிப்பறை இல்லை, கேன்சர் வரும் என்று பயமுறுத்தும் மருத்துவர். மூன்றும் சேர்ந்தால் கத்தியே விடுதலையாகத் தெரியும். பிகார், சத்தீஸ்கர், ராஜஸ்தானில் நடந்த தேவையற்ற கர்ப்பப்பை அறுவைகளை எதிர்த்து மருத்துவர் நரேந்திர குப்தா தொடுத்த பொதுநல வழக்கில், மூன்று மாதத்துக்குள் வழிகாட்டு நெறிகளை நடைமுறைப்படுத்தும்படி 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது.

நம் தமிழ்நாட்டில் கத்தியை விட மாத்திரை முன்னால் வந்தது. 2019-இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை ஆடைத் தொழிற்சாலைப் பெண்கள் சுமார் 100 பேரிடம் பேசி வெளியிட்ட செய்தி இது: விலக்கு வலி என்று சொன்னால் சூப்பர்வைசர் பெயர் அச்சிடாத ஒரு மாத்திரையைக் கையில் கொடுக்கிறார், விழுங்கிவிட்டுத் தைக்க வேண்டும், பக்கவிளைவு பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. வலியை மறைத்து வைத்தது அவள் உடலா, உற்பத்தி இலக்கா? அதே பெண் சில ஆண்டு கழித்து முகாமுக்கு வரும்போது பேனர் அவளிடம் சொல்கிறது, உன்னிடம் ஏதோ மறைந்திருக்கிறது என்று.

கருவிக்குத் தெரியாதவற்றையும் சொல்ல வேண்டும். ஒலியலை காற்றைத் தாண்டாது, ஆகவே பஞ்சுத் தூசி படிந்த நுரையீரலை வயிற்று ஸ்கேன் காட்டாது. பைசினோசிஸ் எனும் பஞ்சுத்தூசி நோய் சட்டப்படி அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய். விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாள் நெஞ்சு இறுக்குவது அதன் அடையாளம். நூல் மில்லில் வேலை பார்த்தவளிடம் உனக்குத் திங்கட்கிழமை எப்படி இருக்கும் என்று கேட்டால் பாதி கண்டுபிடித்துவிடலாம். இரத்தசோகையை ஸ்கேன் காட்டாது. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு அது இருக்கிறது. கழிப்பறைக்குப் போக டோக்கன் கேட்க வேண்டியிருப்பதால் தண்ணீரே குடிக்காமல் இருக்கும் பழக்கத்தை அது காட்டாது. கர்ப்பப்பை வாயில் புற்றுக்கு முந்தைய மாற்றத்தையும் அது காட்டாது.

அந்தக் கடைசி நோய்க்கு நம்மிடமே ஒரு பதில் இருக்கிறது, அதைப் பேனரில் யாரும் போடுவதில்லை. திண்டுக்கல் மாவட்டத்தில், அம்பிளிக்கை மருத்துவ மையத்தை ஒட்டி 2000-இல் தொடங்கிய ஆய்வு. 30 முதல் 59 வயதுப் பெண்கள் 49,000-க்கும் மேற்பட்டோருக்கு ஒரே ஒரு முறை பரிசோதனைக்கு அழைப்பு. பரிசோதித்தவர்கள் பயிற்சி பெற்ற செவிலியர்கள். கருவி, நீர்த்த அசிட்டிக் அமிலம், அதாவது வினிகரில் இருக்கும் அதே பொருள். தடவி ஒரு நிமிடம் காத்திருந்தால் மாறிய இடம் வெளுக்கும். முடிந்தால் அன்றே உறைய வைத்துச் சிகிச்சை. 2007-இல் சங்கரநாராயணனும் சகாக்களும் ‘லான்செட்’டில் முடிவை வெளியிட்டார்கள்: நோய் 25 விழுக்காடு, சாவு 35 விழுக்காடு குறைந்திருந்தது. ஒப்பீட்டுக்காக வைக்கப்பட்ட 30,000-க்கும் மேற்பட்ட பெண்களுக்குப் பரிசோதனை வழங்கப்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஏழைப் பெண்களைக் கணக்குக்காக விட்டுவைக்கலாமா என்ற அறக்கேள்வி பின்னால் கடுமையாக எழுந்தது, எழ வேண்டியதே. ஆனால் அத்தனை விலை கொடுத்துப் பெற்ற அறிவு கையில் இருக்கிறது. தேனியிலும் தஞ்சாவூரிலும் அரசு அதைச் சோதனை முறையில் செய்து பின்பு மாநிலம் முழுக்கக் கொண்டுவந்தது. அப்படியும் 30 முதல் 49 வயதுப் பெண்களில் அந்தப் பரிசோதனையை ஒரு முறையேனும் செய்துகொண்டவர்கள், அதே குடும்பநல ஆய்வின்படி, 9.8 விழுக்காடு. இந்தியாவிலேயே நாம்தான் முன்னணியாம்.

ஏன் போவதில்லை என்று அக்காவிடம் கேட்டேன். “ஸ்கேன்னா மேல தடவறாங்க. அதுன்னா காலை விரிச்சுப் படுக்கோணும்.” இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. ஸ்கேனின் கவர்ச்சியில் இதுவும் ஒன்று: அது தொடாமல் பார்ப்பதுபோல் இருக்கிறது. கேள்வி கேட்காமல் பார்க்கிறது. வெட்கத்தைக் கலைக்காமல் பார்க்கிறது. செவிலி கேள்வி கேட்பாள். எத்தனை நாள், எத்தனை துணி, உறவின்போது வலிக்கிறதா என்பாள். வெறியாட்டுக் களத்தில் தோழி செய்வதும் அதுதான். வேலன் ஆடி முடிக்கும் முன் அவள் வாய் திறந்து செவிலியிடம் உண்மையைச் சொல்கிறாள். இலக்கணம் அதற்கு அறத்தொடு நிற்றல் என்று பெயர் வைத்திருக்கிறது. நோய் கண்டறிதலை அறத்துறையில் வைத்த மரபு நம்முடையது.

ஸ்கேன் அறையின் இன்னொரு ஞாபகத்தைத் தாண்டிப் போக முடியாது. அந்த அறையில் எல்லாமே ஆங்கிலம்; தமிழில் கட்டாயம் இருக்கும் ஒரே வாக்கியம், கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே சொல்லப்படமாட்டாது என்பது. 1994-இன் சட்டத்தால் சுவரில் ஏறிய வாக்கியம். சேலம், தருமபுரி, உசிலம்பட்டிப் பக்கத்துக் கதைகளும், 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டமும் என் தலைமுறைப் பெண்களின் இளமையில் இருந்தவை. இதே கருவி இதே வயிற்றில் ‘மறைந்திருப்பதை’த் தேடியபோது, தேடியது மகளை. இதனால்தான் ‘முன்கூட்டியே கண்டுபிடிப்போம்’ என்ற வாக்கியத்தை என்னால் ஒருபோதும் வெறும் நல்லெண்ணமாக வாசிக்க முடிவதில்லை. யார் கண்டுபிடிக்கிறார்கள், கண்டுபிடித்ததும் யார் முடிவெடுக்கிறார்கள் என்று பின்னாலேயே இரண்டு கேள்வி வந்துவிடும்.

முகாம் ஸ்கேனில் தற்செயலாகச் சிறுநீரகக் கட்டி தெரிந்து பிழைத்தவர்கள் உண்டு என்று என்னுடன் பணிபுரியும் ஒரு பேராசிரியை வாதிட்டார். உண்டுதான். பிழைத்தவரின் பெயரும் முகமும் நமக்குத் தெரியும். தேவையில்லாமல் கர்ப்பப்பையை இழந்தவளும் தன்னைப் பிழைத்தவள் என்றே நம்புவாள். மருத்துவமனையும் அப்படித்தான் சொல்லி அனுப்பியிருக்கும். அந்தக் கணக்கு எந்தப் பேனரிலும் வராது.

அக்காவை அரசு மருத்துவமனைக்கு நானே கூட்டிப்போனேன். மருத்துவர் இளம்பெண், மாலை வரை வரிசை நீண்டிருந்தது, ஆனாலும் எத்தனை துணி என்று கேட்டார். ஹீமோகுளோபின் 7.8. இரும்புச்சத்து மாத்திரை, போக்கைக் குறைக்க இன்னொரு மாத்திரை, கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை, உள்படலத்தில் ஒரு சிறு சோதனை. ஆறு மாதம் கழித்து மறுபடி ஒரு ஸ்கேன் எழுதியிருக்கிறார். அதற்கு ஒரு நாள் லீவு வேண்டும். லீவு போட்டால் அன்றைய சம்பளம் போகும், வார போனஸும் போகும். சீசன் எப்போது முடியும் என்று சூப்பர்வைசரிடம் கேட்டுவிட்டுத் தேதி சொல்கிறேன் என்றிருக்கிறார் அக்கா.